பிரபலங்கள் வாங்கினால் மின்சார கார் மீது ஆர்வம் கூடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சார காரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, "இன்னார் ஒண்ணு வாங்கியிருக்காராமே" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

ஒரு நடிகரோ பாடகரோ மின்சார கார் வாங்கினா, அதைப் பார்த்து ஜனங்களும் வாங்குவாங்களா?

பார்ப்பார்கள், பேசுவார்கள், தேடிப் படிப்பார்கள். அந்த அளவுக்குத் தாக்கம் நிச்சயம் உண்டு. ஷோரூமுக்குப் போய் முன்பணம் கட்டுவது வேறு சங்கதி. விலை, சார்ஜ் போட இடம், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், அரசு தரும் சலுகை ஆகியவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

அதற்காகப் பிரபலங்களால் ஒன்றும் ஆகாது என்று ஒதுக்கவும் முடியாது. ஒரு பாடகர் செய்த காரியம் ஒரு நாட்டின் வரிக் கொள்கையையே தொட்டிருக்கிறது. அந்தக் கதை கீழே நார்வே கேள்வியில் வருகிறது.

ஆர்வம் ஆர்வம்னு சொல்றீங்களே, அதை எப்படி அளக்கிறது?

பலரும் கூகுள் ட்ரெண்ட்ஸ் வரைபடத்தைக் காட்டுகிறார்கள். ஒரு பிரபலத்தின் கார் செய்தியான அன்று கோடு ஜிவ்வென்று ஏறியிருக்கும். அந்த வரைபடம் தேடல்களின் எண்ணிக்கையைக் காட்டுவதில்லை என்பதை முதலில் கவனியுங்கள். எடுத்துக்கொண்ட காலத்தில் உச்சம் தொட்ட நாளை 100 என்று வைத்து, மற்ற நாட்களை அதோடு ஒப்பிடுகிறது. சில ஆயிரம் தேடல்களும் 100 ஆகலாம், சில லட்சங்களும் 100 ஆகலாம்.

அதைவிட முக்கியம், என்ன தேடினார்கள் என்பது. "அவர் ஓட்டுவது என்ன கார்" என்ற தேடல் அந்த மனிதரைப் பற்றியது. "பேட்டரி எத்தனை வருஷம் வரும்", "வீட்டில் சார்ஜ் போட என்ன செலவு" என்பவை காரைப் பற்றியவை. முதல் வகை ஒரு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டாவது வகை மாதக்கணக்கில் மெல்ல ஏறினால்தான் மக்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வேன். டெஸ்ட் டிரைவ் கேட்டு வருபவர்கள், முன்பதிவுகள், பதிவு அலுவலகக் கணக்கு என்று போகப்போக அளவு கறாராகிக்கொண்டே வரும்.

டொயோட்டா பிரியஸ் அமெரிக்காவுல ஓடினதே ஹாலிவுட் ஆளுங்களாலதானே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. 2003 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவுக்குச் சில நட்சத்திரங்கள் நீள லிமோசினை விட்டுவிட்டு, ஓட்டுநருடன் பிரியஸில் வந்து இறங்கினார்கள். ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு செய்திருந்த ஏற்பாடு அது. லியோனார்டோ டிகாப்ரியோ, கேமரன் டயஸ் போன்றவர்கள் பிரியஸ் வைத்திருந்ததும் ஊரறிந்த செய்தி. 2003-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 25,000 பிரியஸ் விற்றது. 2005-ல் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஹாலிவுட்தான் காரணம் என்று தோன்றும்.

ஆனால் அதே இரண்டு ஆண்டுகளில் வேறு என்னென்ன நடந்தன? 2003 இலையுதிர்காலத்தில் பிரியஸின் இரண்டாம் தலைமுறை வந்தது. பழையதைவிடப் பெரியது, இடவசதி அதிகம், வேகமும் கூடுதல். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது. பிரியஸ் போலப் பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காரை வாங்கினால் வரிச்சலுகை இருந்தது. 2005-ல் கலிஃபோர்னியா, நெரிசல் நேரத்தில் பலர் சேர்ந்து வரும் கார்களுக்கென ஒதுக்கிய தடத்தில், மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ஹைபிரிட்டுகள் தனியாளாகவே போக அனுமதித்தது. தினமும் வேலைக்குப் போய்வருபவருக்கு அந்த ஸ்டிக்கர் எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள்.

நட்சத்திரங்களின் பங்கு வேறு இடத்தில் இருந்தது. பிரியஸ் தனித்த உருவம் கொண்டது, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அதே காலத்து ஹோண்டா சிவிக் ஹைபிரிட் சாதாரண சிவிக் மாதிரியே இருந்தது. 2007-ல் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில், பிரியஸ் வாங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், இந்தக் கார் தங்களை இன்னார் என்று காட்டுகிறது என்பதையே முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். பின்னர் ஸ்டீவன் செக்ஸ்டன், அலிசன் செக்ஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களின் தரவுகளை ஆராய்ந்தனர். சுற்றுச்சூழல் அக்கறை மிகுந்த பகுதிகளில், அந்த அடையாளத்துக்காகவே சில நூறு டாலர் முதல் 4,000 டாலருக்குச் சற்று மேல் வரை கூடுதலாகத் தர மக்கள் தயாராக இருந்ததாக 2014-ல் வெளியிட்டனர். இந்தக் காரில் வந்தால் மரியாதை என்ற எண்ணத்தை வளர்த்ததில் நட்சத்திரங்களுக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அதற்கு மேல் புகழைத் தூக்கி அவர்களிடம் கொடுக்க மாட்டேன்.

ஆனா பிரியஸ் மின்சார காரே இல்லையே?

சரிதான். அப்போதைய பிரியஸ் பெட்ரோலில் ஓடும் ஹைபிரிட், பிளக்கில் செருகும் வசதி கிடையாது. எங்கே சார்ஜ் போடுவது, வழியில் நின்றுவிடுமா என்ற கவலை வாங்கியவருக்கு இல்லை. அதனால்தான் ஓர் அடையாளமாக அது எளிதில் பரவ முடிந்தது. முழு மின்சார காருக்கு அந்தப் பாதை அப்படியே பொருந்தாது.

பெரிய பெரிய ஆளுங்க வாங்கியும் படுத்துப்போன கார் இருக்கா?

ஃபிஸ்கர் கர்மா. பிளக்கில் செருகும் ஹைபிரிட், விலை ஒரு லட்சம் டாலர் வாக்கில். முதல் கார்களில் ஒன்று டிகாப்ரியோவுக்குப் போனது. 2012-ல் ஜஸ்டின் பீபரின் 18-வது பிறந்தநாளுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிலேயே கர்மா பரிசாக வந்தது, அதைக் கண்ணாடி போல மின்னும் குரோம் பூச்சுக்கு மாற்றிக்கொண்டு அவர் சுற்றினார். இதைவிடக் கவனம் ஈர்ப்பது கடினம். அதே ஆண்டு மார்ச்சில், பொருட்களைச் சோதித்து எழுதும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் சோதனைக்காக வாங்கிய கர்மா, சோதனை தொடங்கும் முன்பே நின்றுபோனது. அக்டோபரில் பேட்டரி தயாரித்துக் கொடுத்த ஏ123 நிறுவனம் திவாலானது, சாண்டி புயலில் துறைமுகத்தில் நின்றிருந்த 300-க்கும் மேற்பட்ட கார்கள் பாழாயின. 2013 நவம்பரில் ஃபிஸ்கர் திவால் மனு போட்டது.

இன்னொன்று ஜாகுவார் இ-டைப் ஜீரோ. பழைய இ-டைப் ஸ்போர்ட்ஸ் காரை மின்சாரத்துக்கு மாற்றிய வண்டி. 2018 மே 19 அன்று இளவரசர் ஹாரியும் மேகனும் திருமண விருந்துக்கு அதில்தான் கிளம்பினார்கள். நம்பர் பிளேட்டில் அன்றைய தேதியே இருந்தது. உலகமே பார்த்தது. அந்த ஆகஸ்டிலேயே, இப்படி மாற்றிய கார்களை விற்கப்போவதாக ஜாகுவார் அறிவித்தது. 2019 முடிவதற்குள் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. விற்பனைக்கே வராத காரை யார் வாங்குவது?

இ.வி.1-ஐ டாம் ஹாங்க்ஸ் எல்லாம் ஓட்டினாரே, அது ஏன் நின்னுபோச்சு?

ஜெனரல் மோட்டார்ஸ் 1996 முதல் 1999 வரை இ.வி.1 என்ற மின்சார காரை 1,117 மட்டும் செய்தது. டாம் ஹாங்க்ஸ், மெல் கிப்சன், டெட் டான்சன் போன்றவர்கள் ஓட்டினார்கள். ஆனால் யாருக்கும் அது சொந்தமில்லை, எல்லாமே குத்தகை. நிறுவனம் திரும்பக் கேட்டபோது கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று ஓட்டியவர்கள் கேட்டும் பெரும்பாலானவை நசுக்கப்பட்டன.

ஓட்டியவர்களின் பாசம் உண்மையானது, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கடையில் சரக்கே இல்லாதபோது எத்தனை பேர் ஆசைப்பட்டும் பயனில்லை என்பதுதான் அங்கே நடந்தது.

நூறு வருஷத்துக்கு முன்னாடியே பணக்காரங்க மின்சார கார் வச்சிருந்தாங்களாமே?

ஆமாம். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் ஓடியவை. தாமஸ் எடிசன் வைத்திருந்தார். பெட்ரோல் காரை உலகெங்கும் கொண்டுபோன ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது 1914-ம் ஆண்டு டெட்ராய்ட் எலெக்ட்ரிக். ஃபோர்டு வீட்டிலேயே மின்சார கார் என்பதைவிடப் பெரிய சான்றிதழ் அந்தக் காலத்தில் இருந்திருக்காது.

ஆனால் 1908-ல் 850 டாலராக இருந்த ஃபோர்டின் பெட்ரோல் கார் மாடல் டி, 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. 1912-ல் கேடிலாக் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தது, கையால் சுழற்றி இன்ஜினைக் கிளப்பும் தொல்லை தீர்ந்தது. மின்சார கார் பின்தங்கியதற்கு இவை போதுமான காரணங்கள்.

அப்போ பிரபலத்தால உருப்படியா ஒண்ணுமே நடக்கலையா?

நடந்திருக்கிறது, நார்வேயில். 1989-ல் ஆ-ஹா இசைக்குழுவின் மோர்டன் ஹார்கெட்டும் மாக்னே ஃபுருஹோல்மனும், பெல்லோனா என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஃப்ரெடரிக் ஹௌகேயும் சேர்ந்து, மின்சாரத்துக்கு மாற்றப்பட்ட சின்ன ஃபியட் பாண்டா ஒன்றை சுவிட்சர்லாந்திலிருந்து கொண்டுவந்தார்கள். மின்சார காருக்குச் சலுகை வேண்டும் என்று சொல்லி, சுங்கச் சாவடிகளில் கட்டணம் கட்டாமலேயே கடந்தார்கள். அபராதம் வந்தது, அதையும் கட்டவில்லை. கார் பறிமுதலாகி ஏலத்துக்குப் போனது. அவர்களே ஏலத்தில் எடுத்து மறுபடி அதையே செய்தார்கள். உலகப் புகழ்பெற்ற பாடகர் என்பதால் பத்திரிகைகள் விடாமல் எழுதின.

1990-ல் மின்சார கார்களுக்கான இறக்குமதி வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது, பிறகு அது நிரந்தரமானது. 90-களின் பிற்பகுதியில் சுங்கக் கட்டணம் போனது. 2001-ல் மதிப்புக் கூட்டு வரியும் போனது. இத்தனை இருந்தும் விற்பனை உடனே பெருகவில்லை. 2010-க்குப் பிறகு நிசான் லீஃப், டெஸ்லா மாடல் எஸ் போன்ற, குடும்பத்தோடு போகத்தக்க கார்கள் வந்தபோதுதான் பிடித்தது. விதிகள் தயாராகக் காத்திருந்ததால் வேகமாகவும் பிடித்தது. 2024-ல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் சுமார் 89 சதவீதம் முழு மின்சார கார்கள்.

இன்று ஒரு நார்வேக்காரர் ஹார்கெட்டைப் பார்த்து மின்சார கார் வாங்குவதில்லை, கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குகிறார். அந்தக் கணக்கு அவருக்குச் சாதகமாக மாறத் தொடங்கிய இடத்தில் ஹார்கெட் இருந்தார். பிரபலத்தின் கைக்கு எட்டும் மிகப்பெரிய காரியம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

விளம்பரத்துல காசுக்கு நடிக்கிறதும் சொந்தமா கார் வச்சிருக்கிறதும் ஒண்ணுதானே?

இல்லை. அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்கான 2022 விளம்பரத்தில் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் ஜீயஸ் கடவுளாக வந்து பி.எம்.டபிள்யூ ஐ.எக்ஸ் ஓட்டினார். அது சம்பளத்துக்குச் செய்த வேலை என்று பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கி, தினமும் ஓட்டுபவரின் பேச்சுக்கு வேறு கனம் உண்டு, தவறாகப் போனால் நஷ்டம் அவருடையது.

நடுவில் ஒரு சாம்பல் பகுதி இருக்கிறது: நிறுவனம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த கார், விழாவுக்கு மட்டும் வந்த கார், தள்ளுபடியில் கிடைத்த கார். மேலே சொன்ன ஆஸ்கர் பிரியஸ்களும் ஏற்பாட்டில் வந்தவைதான். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இரண்டு வருடம் கழித்தும் அதே வண்டியில் அவர் காணப்படுகிறாரா?

விலை உயர்ந்த காரை நட்சத்திரம் ஓட்டினா, "இது நமக்கில்லை"ன்னுதானே தோணும்?

தோன்றும், அது நியாயமான எதிர்வினை. 2008-ல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டரின் விலை 1,09,000 டாலர், இருக்கை இரண்டு. அதைப் பார்த்து எந்தக் குடும்பமும் தன் காரை மாற்றியிருக்காது.

ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு வேலை இருந்தது. விலை அதிகமான காரைக் குறைந்த எண்ணிக்கையில் விற்று, அந்த வருமானத்தில் அடுத்த காரை இன்னும் மலிவாகச் செய்வது என்ற திட்டத்தை டெஸ்லா 2006-லேயே வெளிப்படையாக எழுதியது. ரோட்ஸ்டர் மொத்தம் 2,500-ஐக்கூட எட்டவில்லை. இருந்தாலும், மின்சார கார் என்றால் மெதுவாக ஊரும் குட்டி வண்டி என்ற நினைப்பை அது உடைத்தது. அந்தச் செல்வந்தர்கள் காசோலையால் செய்த உதவி, புகைப்படங்களால் செய்ததைவிடப் பெரிது.

பிரபலம் ஒருத்தர் குறை சொல்லிட்டா விற்பனை விழுந்துடுமா?

ரோட்ஸ்டரை முதலில் வாங்கியவர்களில் ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் க்ளூனியும் ஒருவர். அடிக்கடி வழியில் நின்றுவிட்டதாக 2013-ல் ஒரு பேட்டியில் சொன்னார். நன்றாகவே பரவிய செய்தி. அதே 2013-ல் டெஸ்லா 22,000-க்கும் மேற்பட்ட மாடல் எஸ் கார்களைக் கொடுத்தது. வாங்க வந்தவர்கள் பார்த்தது வேறு வண்டியை.

இதைவிடக் கடினமானது, மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் விஷயம். மின்பொறியியல் படித்தவர், மின்சார காரை ஆரம்பத்திலேயே வாங்கியவர். பேட்டரி தயாரிப்பில் வெளியாகும் கார்பனைச் சுட்டி, ஏமாற்றப்பட்டதாக உணர்வதாக 2023 ஜூனில் பிரிட்டனின் கார்டியன் பத்திரிகையில் எழுதினார். அதன் வாதங்களுக்கு விரிவான மறுப்பும் அதே பத்திரிகையில் வந்தது. 2024-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் குழு மின்சார கார்கள் பற்றி அறிக்கை தந்தபோது, அந்தக் கட்டுரை பெருங்கேடு செய்ததாக ஓர் அமைப்பு சாட்சியம் அளித்திருந்தது.

பிரிட்டனில் புதிய கார்களில் முழு மின்சார கார்களின் பங்கு 2022-ல் 16.6 சதவீதம், 2023-ல் 16.5, 2024-ல் 19.6. 2023-ல் தேங்கியது உண்மை. ஆனால் 2022 ஜூனில் கார் மானியம் நிறுத்தப்பட்டிருந்தது. 2023 செப்டம்பரில் பெட்ரோல் கார் விற்பனைத் தடையை அரசு 2030-லிருந்து 2035-க்குத் தள்ளியது. ஒரு கட்டுரை மீது மட்டும் பழி போடுவது சரியல்ல. ஆனாலும் ஒரு கவலை எனக்கு உண்டு. பாராட்டைவிட, உள்ளே இருந்தவர் சொல்லும் குறை ஆழமாகத் தைக்கும். ஏற்கெனவே தயங்குபவருக்கு அது நல்ல சாக்காகிவிடுகிறது.

கம்பெனி முதலாளியே பிரபலமா இருந்தா?

அப்போது காரும் ஆளும் ஒட்டிக்கொண்டுவிடும். எலான் மஸ்க்கின் புகழ் பல ஆண்டுகள் டெஸ்லாவுக்கு இலவச விளம்பரமாக இருந்தது. அவர் அரசியலில் இறங்கியதும் அதே ஒட்டு எதிர்த்திசையில் இழுத்தது. அவர் இப்படி மாறும் முன்பே வாங்கிய கார் இது என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு பலர் ஓட்டினார்கள். 2025 பிப்ரவரியில் பாடகி ஷெரில் க்ரோ தன் டெஸ்லாவை லாரியில் ஏற்றி அனுப்புவதை வீடியோவாகப் போட்டு, விற்ற பணத்தை பொது வானொலிக்குக் கொடுத்தார். 2025-ன் முதல் 3 மாதங்களில் டெஸ்லா சுமார் 3,36,000 கார்களைக் கொடுத்தது. முந்தைய ஆண்டு அதே மாதங்களில் 3,86,000. மாடல் ஒய் உற்பத்தியை மாற்றியமைத்ததும் கடும் போட்டியும் இதில் சேர்த்தி.

அதே மாதங்களில் ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்சார கார் விற்பனை மொத்தமாகக் கூடியது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மக்கள் பிராண்டை மாற்றினார்கள், மின்சார காரைக் கைவிடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வாங்குறது பெருசா, நடிகர் வாங்குறது பெருசா?

பக்கத்து வீட்டுக்காரர்தான், சந்தேகமே இல்லை. 1943-ல் ப்ரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இருவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று ஆராய்ந்தார்கள். விதையைப் பற்றிப் பெரும்பாலும் விற்பனையாளர்கள் மூலம் கேள்விப்பட்ட விவசாயிகள், அக்கம்பக்கத்து விவசாயி சொன்ன பிறகே விதைத்தார்கள். கலிஃபோர்னியாவில் கூரை மேல் சூரியத் தகடு வைப்பது பற்றிய 2012 ஆய்வும், ஒரு பகுதியில் ஒருவர் வைத்தால் அங்கே அடுத்தவர் வைக்கும் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது.

காரணம் எளிது. பக்கத்து வீட்டுக்காரரிடம் "மின்சாரக் கட்டணம் எவ்வளவு வருது?" என்று கேட்கலாம். அவர் சம்பளமும் சாலையும் பார்க்கிங் சிக்கலும் நம்முடையது போலவே இருக்கும்.

பிரபலம் யாருமே இல்லாம நல்லா வித்த மின்சார கார் ஏதாவது?

2020 ஜூலையில் சீனாவில் வந்த வூலிங் ஹாங்குவாங் மினி. ஆரம்ப விலை 28,800 யுவான். அடிப்படை மாடல் ஒரு சார்ஜுக்கு 120 கிலோமீட்டர்தான் போகும், வேகமும் மணிக்கு 100 கிலோமீட்டரோடு சரி. இருந்தும் சில மாதங்களில் சீனாவின் அதிகம் விற்கும் மின்சார காரானது. கடைக்கும் பள்ளிக்கும் போய்வர இது போதும், விலையும் கட்டுப்படியாகிறது என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். ஷாங்காய் போன்ற நகரங்களில் பெட்ரோல் கார் நம்பர் பிளேட் ஏலம் சுமார் 90,000 யுவான் வரை போக, மின்சார காருக்கு இலவசமாகக் கொடுத்ததும் அந்த நாட்டின் விற்பனையைப் பெரிதும் தள்ளியது.

நான் வாங்கலாமான்னு யோசிக்கிறேன். ஒரு நடிகர் வச்சிருக்கிறதை எவ்வளவு கணக்குல எடுக்கணும்?

அந்த மாடலின் பெயரைத் தெரிந்துகொண்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் வீட்டில் வேறு நான்கு கார் இருக்கலாம், இது நின்றால் அடுத்ததை எடுப்பார். உங்களுக்கு இருப்பது ஒன்றுதான். பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அதில் எத்தனை சதவீதத்துக்குக் கீழே திறன் குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்று எழுத்தில் பாருங்கள். அப்புறம், அதே மாடலை இரண்டு மூன்று வருடமாக ஓட்டும் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

சரி, ஒரு பிரபலம் நிஜமாவே உதவணும்னு நினைச்சா என்ன பண்ணலாம்?

சாவியை வாங்கும் நாள் படத்தோடு நிறுத்த வேண்டாம். நீண்ட பயணத்தில் எங்கே சார்ஜ் போட்டார், எவ்வளவு நேரம் காத்திருந்தார், எந்த நிலையத்தில் இயந்திரம் வேலை செய்யவில்லை என்பதைச் சொல்லட்டும். ஐந்தாவது வருடம் பேட்டரி எவ்வளவு தாங்குகிறது என்று காட்டட்டும். இதையெல்லாம் வாங்கப்போகிறவர் ஆர்வமாகக் கேட்பார், க்ளூனி சொன்ன மாதிரி குறையாக இருந்தாலும்கூட.

அதற்கு மேலும் முடியுமென்றால் ஹார்கெட் போன வழி இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சார்ஜர் பொருத்த அனுமதி, பழுதான நிலையங்களைச் சரிசெய்யக் காலக்கெடு, சிறிய கார்களுக்கு வரிக்குறைப்பு என்று ஒரு கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு, அது நிறைவேறும்வரை விடாமல் பேசலாம். சாதாரணமானவர் எழுதும் மனு கோப்பில் கிடக்கும்போது, அவர் கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும்.